கடையை வைத்துக்கொண்டு இயற்கை விவசாயம்: எந்த வழி தேறும்?

காய்கறியும் தானியமும் விற்கிற சிறிய கடைக்காரர்கள் பலருக்கு ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்துவிடுகிறது. "இது மருந்தடிக்காததுதானே?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். சரக்கு போடுகிறவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதைத் தவிர கடைக்காரரிடம் வேறு பதில் இல்லை. அடுத்து கொள்முதல் விலை ஏறுகிறது. தரம் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருப்பதில்லை. பேசாமல் நாமே விளைவித்துவிட்டால் என்ன?

இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. "நாமே விளைவிப்பது" என்பதற்குள்ளேயே குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. கடையையும் நடத்தி, முழு அளவில் நிலமும் எடுத்துப் பயிரிடுவது ஒன்று. நிலத்தில் இறங்காமல், ஒன்றிரண்டு விவசாயிகளோடு முன்கூட்டியே பேசி, அவர்கள் இயற்கை முறைக்கு மாறக் கடையைத் துணையாக நிறுத்துவது இரண்டாவது. மூன்றாவது, கடையை மூடிவிட்டு முழுநேர விவசாயத்துக்குப் போய் நேரடியாக வீடுகளுக்கு விற்பது. கடைக்குத் தேவையானதில் சிலவற்றை மட்டும் சிறிய துண்டு நிலத்தில் விளைவித்துக்கொண்டு மற்றதை வாங்கி விற்பது நான்காவது. நான்கும் பார்வைக்கு ஒரே ஆசையின் நான்கு அளவுகள்போலத் தெரியும். ஆனால் பணம், நேரம், ஆபத்து மூன்றும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் போய் உட்காருகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சிறு கடைகளுக்கு இரண்டாவது வழியும் நான்காவது வழியும் சேர்ந்த ஒரு கலவைதான் தேறும். எல்லாரும் ஆசைப்படுவது முதல் வழிக்கு. அது ஏன் பெரும்பாலும் தேறுவதில்லை என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

எழுபதுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பொருளை 70-க்கு வாங்கி 100-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், விகிதம்தான் முக்கியம். இந்த 30-இல்தான் வாடகை, மின்சாரம், கழிவு, கூலி எல்லாம். கடைக்காரர் மனதில் ஓடுகிற கணக்கு இது: "நானே விளைவித்தால் அந்த 70-உம் எனக்குத்தானே?" அந்த 70 விவசாயியின் லாபமில்லை. அதற்குள் விதை, தண்ணீர், ஆள்கூலி, நிலத்தின் வாடகை, வண்டிச்செலவு எல்லாம் இருக்கின்றன. ஒரு பேச்சுக்கு, அதில் 60 செலவு, 10 மிச்சம் என்று எடுத்துக்கொள்வோம். இந்த எண்களெல்லாம் என் உதாரணம்தான்; உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது இயற்கை முறைக்கு மாறினால் விளைச்சல் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு உறுதியான ஆய்வு உண்டு. 2012-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெரீனா சியூஃபர்ட், நவீன் ராமன்குட்டி, ஜோனதன் ஃபோலி மூவரும் உலகெங்கும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிரையும் மண்ணையும் பராமரிப்பையும் பொறுத்து விளைச்சல் 5 முதல் 34 சதவீதம் வரை குறைகிறது, சராசரியாக 25 சதவீதம் என்பது அவர்கள் கண்டது. மானாவாரிப் பயறு வகைகளிலும் பல்லாண்டுப் பயிர்களிலும் இழப்பு மிகக் குறைவு.

சராசரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு நிலத்துக்கு ஆகிற செலவு அப்படியே இருந்து விளைச்சல் முக்கால்வாசியாகக் குறைந்தால், 60 ஆக இருந்த அடக்கவிலை 80 ஆகிவிடும். இரசாயனத்தை நிறுத்திய பின், நிலம் இயற்கை முறைக்கு மாறிவிட்டது என்று விதிகள் ஏற்கும்வரை ஆகிற சில ஆண்டுகள்தான் மாற்றக் காலம். அந்தக் காலத்தில் பொருளை 'ஆர்கானிக்', அதாவது இயற்கை முறையில் விளைந்தது, என்று சொல்லி விற்க முடியாது. சாதாரண விலையான 100-க்குத்தான் விற்க வேண்டும். கையில் நிற்பது 20. வெளியிலிருந்து வாங்கி விற்றபோது நின்றது 30. ஆக, வெயிலில் காய்ந்து, களையெடுத்து, மழைக்குப் பயந்து, முன்பைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறீர்கள்.

மாற்றக் காலம் முடிந்தபின்? வாடிக்கையாளர் 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்று வைத்துக்கொண்டால் விற்பனை விலை 125. சொந்த விளைச்சல் என்றால் கையில் நிற்பது 45. அதே பொருளை ஒரு இயற்கை விவசாயியிடமிருந்து பழைய 30 சதவீத இலாப விகிதத்தில், அதாவது 87.50-க்கு வாங்கி விற்றால் 37.50. வித்தியாசம் ஏழரை. பூச்சி, மழை, ஆள் வராத நாள், கிணற்றுத் தண்ணீர் வற்றுவது என எல்லா ஆபத்தையும் தோளில் ஏற்றிக்கொள்வதற்குக் கிடைக்கிற கூலி அந்த ஏழரைதான்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: உரமும் பூச்சிமருந்தும் வாங்காவிட்டால் செலவு குறையுமே? குறையும். சுவிட்சர்லாந்தில் பாசெல் நகருக்கு அருகே தேர்வில் என்ற ஊரில் 1978-இல் தொடங்கிய 'டோக்' நீண்டகால ஒப்பீட்டுச் சோதனையின் 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. இயற்கை முறையில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகவே செலவாயின. மண்ணின் உயிர்த்தன்மையும் கூடியிருந்தது. தானியம், உருளைக்கிழங்கு போன்ற பயிர்ச் சுழற்சியில் இந்தச் சேமிப்பு பெரிது. ஆனால் கடைக்காரர் முதலில் தொட நினைப்பது காய்கறியை. காய்கறியில் செலவின் பெரும்பங்கு ஆள்கூலி. களைக்கொல்லி இல்லாதபோது அந்தக் கூலி குறைவதற்குப் பதில் ஏறும். ஆகவே என் கணக்கில் அடக்கவிலை 80 என்பதை 75 என்று வைத்தாலும் வைக்கலாம், 60-க்கு இறங்காது.

பணம் திரும்பும் வேகம்

இலாபத்தைவிட இதுதான் கடைகளைச் சாய்க்கிறது. கடையில் போட்ட பணம் சில நாட்களில் கல்லாப்பெட்டிக்குத் திரும்பிவிடும். இன்று வாங்கிய கீரை இன்றே காசு. வயலில் முள்ளங்கிக்கே ஏறக்குறைய ஒரு மாதம், தக்காளிக்கு நாற்று நட்டதிலிருந்து இரண்டு, இரண்டரை மாதம், பழமரத்துக்கு ஆண்டுகள். கடைக்காரரின் பழக்கமோ வேகமான சுழற்சியின் பழக்கம். கல்லாவில் காசு தெரிந்தால் எடுத்து எதிலாவது போடுவார். நாலு நாளில் அது திரும்பிவிடும். அந்தப் பழக்கத்தோடு வயலில் பணத்தைப் போட்டால், திரும்பி வருவதற்குள் கடையில் அலமாரி காலியாகத் தொடங்கும். அலமாரி காலியாகத் தெரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகப் பழகிவிடுவார். பயிர் நன்றாகவே விளைந்தாலும், அதை விற்க வேண்டிய கடை அதற்குள் இளைத்துப்போயிருக்கும்.

நேரமும் அப்படித்தான். கீரை அறுக்க வேண்டிய நேரம் விடியற்காலை. கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டிய நேரமும் அதுவே. நாற்று வாடாமல் நடுவதற்கு ஏற்ற மாலை வேளையில்தான் கடையில் கூட்டம். ஒருவரே இரண்டையும் பார்ப்பது என்றால் இரண்டில் ஒன்று தினமும் தோற்கும். வீட்டில் இன்னொருவர் முழுப்பொறுப்பாக வயலை எடுத்துக்கொள்வாரா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் முதல் வழியைப் பற்றிப் பேசுவதிலேயே பொருளில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள், மேலே பார்த்த ஏழரைக்குள் அந்தச் சம்பளம் அடங்குமா என்று பார்க்கட்டும்.

மாற்றக் காலம் என்ற சுவர்

இரசாயனத்தை நிறுத்திய மறுநாளே எந்த நிலமும் 'ஆர்கானிக்' ஆகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்தியாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமும் ஏறத்தாழ இதே கால அளவைத்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில், தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் கடைசியாக இடப்பட்ட நாளிலிருந்து 36 மாதம் கழிந்திருக்க வேண்டும்.

இந்த விதிகளுக்குள் கடைக்காரருக்குச் சாதகமான ஒரு வாசல் உண்டு. அமெரிக்க விதியில் கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் நிலத்தை எடுத்த நாளில் இல்லை, கடைசியாக மருந்து பட்ட நாளில். ஐரோப்பாவிலும் தகுந்த ஆதாரம் காட்டினால் முன்பே கழிந்த காலத்தைக் கணக்கில் சேர்க்க இடமுண்டு. ஆகவே நிலம் தேடும்போது மண்ணின் நிறத்தையும் கிணற்றின் ஆழத்தையும் பார்ப்பதோடு, அந்த நிலத்தின் சரித்திரத்தையும் கேளுங்கள். சில ஆண்டுகள் தரிசாகவோ மேய்ச்சல் நிலமாகவோ கிடந்து, அதை எழுத்தில் காட்ட முடிகிற ஒரு சுமாரான நிலம், போன பருவம்வரை மருந்தடித்த வளமான நிலத்தைவிடப் பல சமயம் மலிவு. இரண்டு ஆண்டு நஷ்டத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மலிவு தெரியும்.

குத்தகை நிலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மூன்றாண்டுக் குத்தகையில் இயற்கை விவசாயம் செய்வது நில உரிமையாளருக்குச் செய்கிற தானம்! மண்ணைத் தேற்றி முடிக்கிற நேரத்தில் குத்தகை முடியும். தேறிய நிலத்துக்கு அவர் கூடுதல் வாடகை கேட்பார். மாற்றக் காலம் போக, குறைந்தது அதே அளவு அறுவடைக் காலமாவது மிச்சம் இருக்கிற மாதிரி ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் அந்த நிலத்தை விட்டுவிடலாம்.

முதல் வழி: கடையும், முழு அளவு நிலமும்

பணக் கணக்கைச் சொல்லிவிட்டேன். இனி வேலையின் கணக்கு. இயற்கை விவசாயத்தை 'மருந்து அடிக்காமல் விடுவது' என்று நினைப்பவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போவார்கள். மருந்தும் உரமும் செய்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். பயிர்ச் சுழற்சி, பயறு வகைப் பசுந்தாள் உரம், மண்ணை இலைதழையால் மூடிவைக்கும் மூடாக்கு, மக்கு உரம், நேரம் தவறாத களையெடுப்பு எல்லாம் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மக்கு உரத்தில் உள்ள தழைச்சத்தில் சிறு பகுதிதான் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கும். மிச்சம் மண்ணில் தங்கி மெல்ல மெல்ல வரும். முதல் இரண்டு ஆண்டு பயிர் வெளிறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிலத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று அப்போது பயந்து யூரியா மூட்டையைப் பிரிக்கிறவர்கள் உண்டு. பிரித்த அன்றே மாற்றக் காலக் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

மக்கு உரத்துக்கும் விதி இருக்கிறது. அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி நீள்குவியலாகப் போட்டு மக்கவைத்தால் 55 முதல் 77 டிகிரி செல்சியஸ் வெப்பம் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் குறைந்தது ஐந்து முறை புரட்டிப்போட வேண்டும். மக்காத பச்சைச் சாணத்தை இட்டால், மண்ணைத் தொட்டு விளைகிற பயிரை 120 நாள் கழித்துத்தான் அறுக்கலாம். மண்ணைத் தொடாததற்கு 90 நாள். மாதத்தில் அறுவடைக்கு வருகிற கீரைக்கு இந்த 120 நாள் என்பது மூன்று நான்கு பருவம். எனவே கீரை போடுகிறவர் பச்சைச் சாணத்தை மறந்துவிட்டு நன்கு மக்கியதையே தயார் செய்துகொள்ள வேண்டும்.

இங்கே கடைக்கு ஒரு அனுகூலம் இருப்பதாகத் தோன்றும்: தினமும் தூக்கிப்போடுகிற வாடிய இலையும் அழுகிய காயும். குப்பை உரமாகிறது என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கடைக்கழிவு ஈரமானது, தழைச்சத்து மிகுந்தது. அதை மட்டும் குவித்தால் நாற்றமெடுத்துக் கூழாகும். கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25 முதல் 30-க்கு ஒன்று என்ற அளவில் இருக்க, வைக்கோல், சருகு, மரத்தூள் போன்ற உலர்ந்ததைத் தாராளமாகக் கலக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கழிவு மருந்தடித்த காய்கறியிலிருந்து வந்தது. சான்று பெற்ற நிலத்தில் அதைச் சேர்க்கலாமா என்று சான்றளிப்பவரிடம் முன்பே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளாமல் ஒரு கூடைகூடப் போடக் கூடாது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே நிலம் இருக்கிறது, வீட்டில் விவசாயம் தெரிந்த ஒருவர் அதற்கென்றே இருக்கிறார், கடை தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு மிச்சமும் தருகிறது. இந்த மூன்றும் உள்ளவர்கள் துணிந்து போகலாம். ஒன்று குறைந்தாலும் அடுத்த வழியைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வழி: விவசாயியோடு முன் ஒப்பந்தம்

கடைக்காரரிடம் இருப்பதும் விவசாயியிடம் இல்லாததும் என்ன? "வாரத்துக்கு இவ்வளவு நிச்சயம் விற்கும்" என்ற அறிவு. இயற்கை முறைக்கு மாற நினைக்கிற விவசாயியைத் தடுப்பது பெரும்பாலும் விளைச்சல் பற்றிய பயத்தைவிட, மாற்றக் காலத்தில் யார் வாங்குவார்கள் என்ற பயம். கூடுதல் உழைப்பு, குறைந்த விளைச்சல், அதே பழைய விலை என்ற மூன்றையும் இரண்டு ஆண்டுக்குத் தாங்க அவரால் முடியாது. அந்த இடத்தில் கடை தோள் கொடுத்தால், ஒரு நிலம் மாறுகிறது. கடைக்காரர் மண்வெட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

என் உதாரணக் கணக்கையே மீண்டும் எடுத்தால், மாற்றக் காலத்தில் விவசாயியின் அடக்கவிலை 80, சந்தை கொடுப்பது 70. நீங்கள் 82 கொடுத்து 105-க்கு, 'மாற்றத்தில் உள்ள நிலத்திலிருந்து' என்று உண்மையைச் சொல்லி விற்றால் உங்களுக்கு 23 நிற்கும். வழக்கமான 30-ஐ விடக் குறைவுதான். ஆனால் சொந்தமாக விளைவித்து நின்ற 20-ஐ விடக் கூடுதல், அதுவும் நிலம், ஆள் எதிலும் முதல் போடாமல். இப்படி எழுதி விற்பதற்கு அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய விதிகள் 12 மாத மாற்றக் காலத்துக்குப் பிறகு, தாவரப் பொருள்களில், அப்படிக் குறிப்பிட அனுமதிக்கின்றன.

எல்லாம் ஒப்பந்தம் எழுதுவதில்தான் இருக்கிறது. எத்தனை கிலோ என்று மட்டும் எழுதினால் மழை பெய்த அன்று சண்டை வரும். இத்தனை பரப்பில், இந்தப் பயிர், இந்த வாரங்களில் விதைப்பு என்று எழுதுங்கள். அந்தப் பரப்பில் விளைவதில் எவ்வளவு வரை கடை கட்டாயம் எடுக்கும், அதற்கு மேல் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். விலையைக் கல்லில் வெட்டியதுபோல ஒரே எண்ணாக வைக்காமல், கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண் வைப்பது மேல். சந்தை விலை மேல் எல்லையைத் தாண்டி எகிறும்போது விவசாயி வெளியே விற்க ஆசைப்படுவார், அது மனித இயல்பு. கீழே சரியும்போது நீங்கள் வெளியே வாங்க ஆசைப்படுவீர்கள், அதுவும் இயல்பே. இரண்டு ஆசையையும் முன்பே பேசித் தீர்த்த ஒப்பந்தம்தான் இரண்டாவது ஆண்டைப் பார்க்கும். பணம் எத்தனை நாளில் என்பதை மறக்க வேண்டாம். விவசாயிக்கு 5 சதவீதக் கூடுதல் விலையைவிட, அறுத்த வாரமே கைக்கு வரும் ரொக்கம் பல சமயம் பெரிது.

இந்த வழியின் பலவீனம் நம்பிக்கை. "மருந்தடிக்காததுதானே?" என்ற கேள்விக்கு இப்போதும் இன்னொருவர் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள். அதனால் சொல்லாமல் போய் வயலைப் பார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையைப் பயன்படுத்தவும் வேண்டும். ஒரே விவசாயியை நம்பி நிற்பதும் ஆபத்து. இருவராவது வேண்டும், முடிந்தால் தண்ணீர் வசதி வேறுபட்ட இரண்டு இடங்களில்.

நான்காவது வழி: சில பயிர் மட்டும்

வரிசையை மாற்றி நான்காவதை இங்கேயே சொல்லக் காரணம், இது இரண்டாவதோடு நன்றாகச் சேரும். ஒரு சிறிய கடைக்கே பல பத்து பொருள்கள் வேண்டும். எந்த வயலும் ஒரே நேரத்தில் அவ்வளவையும் தராது. எப்படியும் பெரும்பகுதியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எதை மட்டும் சொந்தமாக விளைவிப்பது?

கடைக்கு அருகில் விளைந்ததால் எந்தப் பொருள் வெளிப்படையாக மேம்படுகிறதோ, அதை. கீரை, கொத்தாகக் கட்டி விற்கும் இலைகள் பலவும் எடையில் 3 முதல் 5 சதவீதம் நீரை இழந்தாலே வாடித் தெரியும், விலை போகாது. காலையில் அறுத்து அன்றே விற்கிற கீரைக்கும் முந்தின நாள் அறுத்து வண்டியில் வந்த கீரைக்கும் வித்தியாசத்தை வாடிக்கையாளர் சான்றிதழ் இல்லாமலே கண்ணால் பார்த்துவிடுவார். வெங்காயம், உருளைக்கிழங்கு, தானியம், பயறு இவற்றில் அந்த அனுகூலம் எதுவுமில்லை. அவை மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், பெரிய நிலத்தில் விளைந்தால்தான் செலவும் கட்டும். அவற்றைச் சிறிய துண்டில் போடுவது நிலத்தை வீணாக்குவது. தக்காளி, பீன்ஸ் போன்றவை இடைநிலை: விளையும்போது மொத்தமாக விளைந்து தள்ளும், கடை அதை ஒரு வாரத்தில் விற்க முடியாது.

கீரையிலும் அந்தச் சிக்கல் உண்டு, ஆனால் விதைப்பைப் பிரித்தால் தீரும். இங்கேதான் கடையின் பேரேடு உதவுகிறது. எந்தப் பொருள் வாரத்துக்கு எத்தனை கட்டு போகிறது, எந்த நாளில் போகிறது, எத்தனை கட்டு மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது என்பது ஓராண்டுக்கு உங்களிடம் எழுத்தில் இருந்தால், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வாரம் ஒரு பாத்தி விதைக்கலாம். அப்படி எழுதிவைக்கும் பழக்கம் இல்லாத கடைகள்தான் அதிகம். நிலம் தேடத் தொடங்கும் முன் அந்த நோட்டைத் தொடங்கலாம், அதற்குச் செலவில்லை.

பரப்பு எவ்வளவு? வீட்டு ஆட்கள் கையால் களையெடுத்து முடிக்கிற அளவு. அதற்கு மேல் போனால் ஆள், ஆளுக்கு மேற்பார்வை, மேற்பார்வைக்கு உங்கள் விடியற்காலை என்று சங்கிலி நீளும். அதாவது முதல் வழிக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டீர்கள். வருமானத்தில் இந்தத் துண்டு நிலம் பெரிதாக எதையும் மாற்றாது. ஆனால் விவசாயியோடு ஒப்பந்தம் பேசும்போது, பூச்சியும் களையும் என்ன விலை என்று தெரிந்த ஆளாகப் பேசுவீர்கள். கடைக்கு வருகிறவரிடமும் "வந்து பாருங்கள்" என்று சொல்ல ஓர் இடம் இருக்கும்.

மூன்றாவது வழி: கடையை மூடுவது

ஜப்பானில் 1970-களில் 'தெய்கெய்' என்ற பெயரில் நுகர்வோர் குழுக்களும் இயற்கை விவசாயிகளும் நேரடியாகக் கைகோத்தார்கள். மேற்கு நாடுகளில் சமூக ஆதரவு விவசாயம் என்ற பெயரில் பரவிய முறையும் இதே உறவுதான்: பருவத்துக்கு முன்பே சந்தா கட்டும் குடும்பங்கள், வாரந்தோறும் விளைந்ததில் ஒரு பங்கு. விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும், ஆபத்தைச் சாப்பிடுகிறவரும் பகிர்ந்துகொள்கிறார். பணம் திரும்பும் வேகத்தைப் பற்றி மேலே சொன்ன சிக்கலை இது நேராகத் தீர்க்கிறது, ஏனென்றால் பணம் விதைப்புக்கு முன்பே வந்துவிடுகிறது.

கடையின் வாடிக்கையாளர்களே சந்தாதாரர்களாக வந்துவிடுவார்கள் என்று எண்ணிக் கடையை மூடுவதுதான் இதில் உள்ள பொறி. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களுக்காக வருவதில்லை; போகிற வழியில் இருக்கிறது என்பதால் வருகிறார்கள், மாலையில் திறந்திருக்கிறது என்பதால் வருகிறார்கள். கசப்பாக இருக்கும், ஆனால் சோதித்துப் பார்க்க எளிது. கடை திறந்திருக்கும்போதே, விவசாயியிடமிருந்து வாங்கியதை வைத்து ஒரு வாரப்பெட்டிச் சந்தாவைத் தொடங்குங்கள். ஒரு முழுப் பருவத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் எத்தனை பேர், இரண்டாம் பருவத்துக்குத் திரும்பக் கட்டியவர்கள் எத்தனை பேர்? அந்த இரண்டாவது எண்தான் உங்கள் பண்ணையின் உண்மையான வாடிக்கையாளர் எண்ணிக்கை. அதை வைத்து வீட்டுச் செலவு நடக்கும் என்றால் மூடுவதைப் பற்றி யோசிக்கலாம். வாடகை கடையை ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது என்றால் இன்னும் சீக்கிரமே யோசிக்கலாம்.

சான்றிதழ் வாங்குவதா?

மூன்று நிலைகள் உண்டு. வெளி நிறுவனம் வந்து ஆய்வு செய்து தருவது, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதித்து உறுதி தரும் பங்கேற்பு முறை, எதுவுமில்லாமல் வாய்ச்சொல். பங்கேற்பு முறையை இந்தியா, பிரேசில் உள்ளிட்ட சில நாடுகள் அதிகாரபூர்வமாகவே ஏற்கின்றன. செலவு மிகக் குறைவு, ஆனால் குழு வேண்டும், தனியாளாக முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் வெளி நிறுவனச் சான்று இல்லாமல் நடக்காது.

ஒரே கடையில் முகம் பார்த்து விற்கிறவருக்கு விலையுயர்ந்த சான்றிதழ் பெரும்பாலும் தேவையில்லை என்பது என் எண்ணம். அதற்காக 'ஆர்கானிக்' என்ற பலகையைச் சும்மா மாட்டிவிட முடியாது. பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டு ஆர்கானிக் விற்பனை 5,000 டாலருக்குள் உள்ள சிறு பண்ணைகளுக்குச் சான்று பெறுவதிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் உற்பத்தி விதிகளிலிருந்து விலக்கில்லை. விற்கும் இடத்துக்கும் விதி உண்டு: ஐரோப்பாவில் பொட்டலமிட்ட ஆர்கானிக் பொருளை அப்படியே விற்கும் கடைக்கும், பிரித்து எடைபோட்டு விற்கும் கடைக்கும் விதிகள் வேறு. பிரித்து விற்பதென்றால் ஆண்டுக்கு 5,000 கிலோ என்பது போன்ற வரம்புக்குள்தான் சலுகை. எங்கிருந்தாலும் இரண்டு சரக்கையும் ஒரே கூடையில் கலக்காமல், எது எந்த நாளில் எந்த வயலிலிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

தொடங்குவதென்றால்

இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்துப் போகிறவர் முதல் ஆண்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விற்பனை நோட்டு, ஒரு விவசாயியோடு ஒரு பயிருக்கு மட்டும் ஒரு பருவ ஒப்பந்தம், நிலத்தின் பழைய கணக்கைக் காட்ட முடிகிற ஒரு சிறு துண்டு, அதில் இலை வகைகள் மட்டும். வயலுக்கென்று தனிக் கணக்கு வைத்து, கடைக் கல்லாவிலிருந்து மாதம் இவ்வளவுக்கு மேல் அங்கே போகாது என்று ஒரு தொகையை முன்பே குறித்துவிட வேண்டும். அந்தத் தொகை, ஒரு முழு மாதம் கடை மூடிக் கிடந்தாலும் வீடு தாங்குகிற தொகையைவிடக் குறைவாக இருக்கட்டும்.

இரண்டாவது ஆண்டு முடிவில், ஒப்பந்தச் சரக்கில் கிடைத்த இலாபத்தையும் சொந்தக் கீரையில் கிடைத்த இலாபத்தையும், வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி போட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சொந்தக் கீரை தெளிவாக முந்தியிருந்து, விடியற்காலையில் வயலுக்குப் போக வீட்டில் இன்னமும் ஒருவர் விருப்பத்தோடு இருந்தால் அடுத்த துண்டு நிலத்தைக் கேட்கலாம். ஒப்பந்தச் சரக்கு முந்தியிருந்தால் இரண்டாவது விவசாயியிடம் பேசப் போகலாம், அப்போது கையில் எடுத்துப்போக அந்த நோட்டும் இருக்கும்.